ஏட்டையா தின்ற பிஸ்கட்

போன் அலறியது.

கால்நடை டாக்டரம்மா எடுப்பதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. போன் செய்த இன்ஸ்பெக்டரே இறங்கி ஓடி வந்தார். தோளில் போலீஸ் நாய்... துவண்டு போய்!

மோப்பம் பிடித்தே நாற்பது திருடர்களை உள்ளே தள்ளிய நாய். ஸ்டேஷனில் அதற்குப் பெயர் 'ஏட்டையா'.

"காலையில இருந்து எந்திரிக்கவே இல்ல டாக்டர்..."

டாக்டரம்மா உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறு வெள்ளைக் காகிதமாய் வெளுத்திருந்தது.

"என்ன சாப்பிட்டாரு?"

"வழக்கமான சோறுதான். அப்புறம் இது." இன்ஸ்பெக்டர் ஒரு நாய் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். "நாலு நாளா குடுக்கறேன். சொன்ன பேச்சு கேட்டா ஒண்ணு."

டாக்டரம்மா பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். அந்த வாரம் அதே பாக்கெட்டோடு வந்த மூன்றாவது நாய். முதல் இரண்டும் பிழைக்கவில்லை. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் எந்த முறிவு ஊசியைப் போடுவது? பரிசோதனை முடிவு வர இரண்டு நாளாகும். ஏட்டையா இரண்டு மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம்.

"அந்தக் கம்பெனி முதலாளியை உடனே வரச் சொல்லுங்க. நீங்க இந்தத் திரைக்குப் பின்னால நில்லுங்க."

அடுத்த தெருதான். பத்தே நிமிடத்தில் முதலாளி வந்தார், கையில் தரச் சான்றிதழோடு.

"விஷமா? என் பிள்ளை மேல சத்தியமா ஒரு பொட்டு விஷம் கிடையாது."

"இருக்கட்டும். முதல்ல டீ குடிங்க."

டீயோடு ஒரு தட்டு பிஸ்கட்டும் வந்தது. பேசிக்கொண்டே இரண்டை உள்ளே தள்ளினார் முதலாளி.

"மொறுமொறுன்னு இருக்கே... இன்னொண்ணு கிடைக்குமா?"

மூன்றாவது வந்தது. அவர் அதை மென்று விழுங்கும்வரை காத்திருந்த டாக்டரம்மா, காலி பாக்கெட்டைத் தட்டின் பக்கத்தில் வைத்தார்.

"ஏட்டையா சாப்பிட்டது இதைத்தான்."

முதலாளி பாக்கெட்டைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"எந்த பாட்ச்... பதினேழா?"

"பதினேழேதான்."

"ஐயோ, ஊசி போடுங்க டாக்டர்! குடோன்ல மாவு மூட்டை மேல எலி மருந்து கொட்டிருச்சு. மேலாப்புல அள்ளிக் கொட்டிட்டு மிச்ச மாவுல..."

"விஷமே இல்லன்னு சத்தியம் பண்ணீங்களே?"

"டப்பாவுல எலி 'மருந்து'ன்னுதான போட்டிருக்கு!"

"என்ன ரகம்?"

"ரத்தத்தை உறைய விடாதாம்..."

டாக்டரம்மா ஊசியில் முறிவு மருந்தை ஏற்றினார். முதலாளி அவசரமாகச் சட்டைக் கையைச் சுருட்டினார். டாக்டரம்மா அவரைத் தாண்டிப் போய் ஏட்டையாவின் தொடையில் ஊசியைப் போட்டார்.

திரை விலகியது. இன்ஸ்பெக்டர் நோட்டோடு நின்றார்.

"பதினேழு எந்தெந்தக் கடைக்குப் போச்சு? ஒண்ணு விடாம சொல்லு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டே முதலாளி எல்லாக் கடைகளையும் ஒப்பித்தார். அத்தனை இடத்துக்கும் ஆள் பறந்தது.

சாயங்காலம் ஏட்டையா மெல்லத் தலையைத் தூக்கி, ஒரே ஒரு முறை வாலை ஆட்டினார். இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டர்... இப்பவாவது எனக்கு ஊசி?" என்றார் முதலாளி, ஈனஸ்வரத்தில்.

"உங்களுக்கு எதுக்கு? நீங்க சாப்பிட்டது உங்க போட்டிக் கம்பெனி பிஸ்கட். சுத்தமான சரக்கு."

முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப அது மனுஷங்க சாப்பிடறதுதான?"

"இல்ல. அதுவும் நாய் பிஸ்கட்தான்."

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

"வாய்யா... ஸ்டேஷன்ல சொன்ன பேச்சு கேட்டா நாலாவது தரேன்."