வீட்டில் இல்லை

காலாண்டின் முதல் சனிக்கிழமை இயக்கி நாள். எங்கள் குடியிருப்பில் காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடுவார்கள். ஒவ்வொரு வீடும் பன்னிரண்டு நிமிடம் வலையிலிருந்து விலகும். குழாயில் தண்ணீர் நிற்கும். கதவு சாவிக்கு மாறும். ஆட்கள் மாடிப்படியில் உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். எதிர்வீட்டுத் தம்பதி ஒவ்வொரு முறையும், யார் கை ஈரம் என்று சண்டை போடுவார்கள்.

வாயில்பெட்டி எல்லா வீட்டிலும் செருப்பு அலமாரிக்கு மேல் இருக்கும். உள்ளே இரண்டு வலையட்டைகள். வெளியட்டை தெருவோடு பேசும், உள்ளட்டை வீட்டோடு பேசும். நடுவே பெட்டி நின்று எதை விடலாம், எதை விடக் கூடாது என்று முடிவு செய்யும். அட்டைகளை இயக்கும் மென்பொருளைக் காலாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வேலை கடினமில்லை. புதிய இயக்கியைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, வெளிக்கம்பியைக் கழற்றி, பழையதை நீக்கிப் புதியதை ஏற்ற வேண்டும். கம்பியைக் கழற்றாமல் செய்தால் சில சமயம் அட்டைகளின் வரிசை மாறிவிடும். பிறகு பெட்டி தெருவை வீடு என்றும் வீட்டைத் தெரு என்றும் நினைத்துக்கொள்ளும்.

ஆனால் இயக்கியை ஒருவர் தனியாக ஏற்ற முடியாது. பெட்டியின் பலகையில் பதிவான இரண்டு பேரின் கைகள் ஒன்றாக இருக்க வேண்டும். இருகைச் சட்டம் வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் பொய்க்குரல்களின் காலம். மகன் குரலிலோ மனைவி முகத்திலோ வந்து வீட்டில் ஒருவரை நம்பவைத்தால் போதும், மொத்த வீடும் திறந்துகொள்ளும். இருவரை ஒரே நேரத்தில் ஏமாற்றுவது கடினம். அதனால் இரண்டு கைகள். யாரும் மிரட்டிக் கை வைக்கச் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்ளப் பெட்டி நாடித்துடிப்பையும் பார்க்கும்.

எங்கள் பெட்டியில் இருந்தவை என் கையும் என் மனைவி அல்லியின் கையும்.

மூன்று காலாண்டுகளாக நான் புதுப்பிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பெட்டி, இரண்டாம் கை எங்கே என்று கேட்டது. வீட்டில் இல்லை என்றேன். பெட்டி அதைப் பயணம் என்று எழுதிக்கொண்டு தவணை கொடுத்தது. நான் திருத்தவில்லை. பயணத்துக்கு மூன்று தவணைதான். இந்தச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குமேல் பழைய இயக்கியோடு எந்த இணைப்பையும் ஏற்க மாட்டார்கள்.

எனக்கு மட்டுமென்றால் விட்டிருப்பேன். மாமாவுக்கு அன்று ஆறு மணிக்கு டயாலிசிஸ். அல்லியின் அப்பா. பெயர் நிஷாந்த், வயது அறுபத்தாறு. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் அல்லிதான் அவரைக் கூட்டிவந்து, முன்னறையில் இயந்திரத்தை வைத்தாள். திருச்சியிலிருந்து ஒரு செவிலியர் வலை வழியாக அதைக் கண்காணிப்பார். இணைப்பு இல்லையென்றால் இயந்திரம் ஓடாது. ஒருநாள் தவறினால் கால் வீங்கும். இரண்டு நாள் தவறினால் மூச்சு வாங்கும்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பெட்டியின் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மாமா பின்னால் வந்து நின்றார். தன் கையை வைத்துக்கொள்ளச் சொன்னார். பெட்டியில் இரண்டு கைகளுக்குத்தான் இடம் என்றேன். ஒன்றை நீக்கினால்தான் இன்னொன்று.

அல்லி எப்போது திரும்புவார் என்று பெட்டி கேட்டது.

"வரமாட்டாள்" என்றேன். புதிய முகவரியைச் சொல்லச் சொன்னது.

"போய்விட்டாள்" என்றேன். எங்கே என்று கேட்டது.

"தவறிவிட்டாள்" என்றேன். எந்த முயற்சி தவறியது, மீண்டும் முயலவும் என்றது.

மாமா சிரித்தார். "ஒரு பொட்டிகிட்ட இவ்ளோ பொறுமையா பேசறீங்களே மாப்பிள்ளை. எங்கிட்ட ஒருநாள் இவ்ளோ பேசியிருக்கீங்களா?"

உதவி மையத்தை அழைத்தேன். ஷம்ஷாத் என்ற பெண் எடுத்தார். விவரத்தைக் கேட்டுவிட்டு, அந்தச் சொற்கள் எதையும் பெட்டி எடுக்காது என்றார். முன்பெல்லாம் எடுத்ததாம். சேலத்தில் ஒருவர் சண்டை போட்ட கோபத்தில் 'அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்' என்று கத்தியிருக்கிறார். பெட்டி மனைவியின் கையை அழித்துவிட்டது. அந்தம்மா தாய்வீட்டிலிருந்து திரும்பிவந்து, தன் வீட்டுக்குள் நுழைய நான்கு நாள் வெளியே நின்றாராம். அதன் பிறகு ஒரே ஒரு வாக்கியம்தான். பெயரைச் சொல்லி, இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டும்.

இறப்புச் சான்றிதழ் பத்து மாதத்துக்கு முன்பே பதிவாகிவிட்டது, அதை அனுப்பலாமே என்றேன்.

"அது வெளியிலேர்ந்து வர்ற சேதி சார். வெளியிலேர்ந்து வர்றதை நம்பக் கூடாதுன்னுதானே பொட்டியே வெச்சிருக்கோம். வீட்டுக்குள்ளேர்ந்துதான் சொல்லணும். யார் சொன்னாலும் சரி. ஆனா நீங்களும் புதுசா சேரப்போறவரும் பலகையில கை வெச்சிருக்கணும்."

பிறகு, "நேரமாக்காதீங்க சார்" என்றார்.

மாமா கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துப் பலகையில் வைத்தார். நான் பக்கத்தில் வைத்தேன்.

அந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் அலுவலகத்தில் விழுந்தாள், மருத்துவமனை அறிவித்தது, மின்மயானத்தில் படிவத்தை அவர்களே நிரப்பினார்கள். மாமாவுக்கும் மருத்துவமனையிலிருந்துதான் பேசினார்கள்.

"அல்லி இறந்துவிட்டாள்" என்றேன். என் குரல் சாதாரணமாக இருந்தது.

முதல் கை துடிப்பு எழுபத்தொன்று என்றது பெட்டி. இரண்டாம் கை நூற்றுப் பதினாறு. வற்புறுத்தல் ஐயம். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் சொல்லவும்.

மணி மூன்று இருபது. மாமாவுக்குத் தண்ணீர் கொடுக்கலாமென்றால் அளவு இருக்கிறது. அரை டம்ளர் கொடுத்தேன். இரண்டாம் முறை சொன்னேன். எனக்கு எழுபது, அவருக்கு நூற்றுப் பன்னிரண்டு. மீண்டும் ஐந்து நிமிடம்.

கண்ணை மூடி மூச்சை எண்ணுங்கள் என்றேன். அவர் தலையசைத்தார்.

"நீங்க சொன்னா, அன்னிக்கு வந்த போன் மாதிரியே இருக்கு மாப்பிள்ளை. யாரோ ஆஸ்பத்திரிக்காரன் பேசற மாதிரி. இருங்க, நானே சொல்றேன்."

பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எம்பொண்ணு அல்லி இறந்துட்டா."

இரண்டாம் கை தொண்ணூற்று நான்கு. ஏற்கத்தக்கது. முதல் கை நூற்று இருபத்தொன்று. வற்புறுத்தல் ஐயம்.

முதல் கை என்னுடையது. பெட்டி தவறாகப் படிக்கிறது என்று நினைத்தேன். கையை எடுத்துப் பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். நூற்று இருபத்தாறு.

"பொட்டி சரியாத்தான் இருக்கு" என்றார் மாமா.

ஐந்து நிமிடம் இருந்தது. கையை எடுக்கவில்லை. அன்று நடந்ததை அவரிடம் சொன்னேன். அவர் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. காலையில் அவள் மதிய உணவை மறந்துவிட்டுப் போனாள். இரண்டு மணிக்கு அழைப்பு வந்தது. நான் அவள் அலுவலகத்துக்குப் போனபோது அவளுடைய ஒரு காலில் செருப்பு இல்லை. இன்னொரு செருப்பைத் தேடி, அவள் விழுந்த மூன்றாவது மாடிக்கு நான் போயிருந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏன் செருப்பைத் தேடப் போனேன் என்று தெரியவில்லை. மாமா கேட்டுக்கொண்டார். செருப்பு கிடைத்ததா என்று மட்டும் கேட்டார். கிடைத்தது என்றேன்.

நான்காம் முறை இருவரும் சேர்ந்து சொன்னோம். எனக்குத் தொண்ணூற்றேழு, அவருக்குத் தொண்ணூறு. பெட்டி ஏற்றுக்கொண்டது. அல்லியின் பெயர் திரையிலிருந்து போனது. மணி மூன்று முப்பத்தெட்டு.

அடுத்து, புதிய கைக்கு உறவு என்ன என்று கேட்டது. மாமனார் என்றேன். யாருடைய தந்தை என்றது. அல்லியின் தந்தை என்றேன். அந்தப் பெயரில் இந்த வீட்டில் யாரும் இல்லை, வேறு உறவைத் தேர்வு செய்யவும் என்றது.

பட்டியல் வந்தது. தந்தை, தாய், வாழ்க்கைத்துணை, மகன், மகள், உடன்பிறந்தவர், வாடகைதாரர், மற்றவர். விரல் கீழே நகர்ந்து மற்றவர் மேல் நின்றது. நான் வேண்டுமென்றே செய்யவில்லை. வேறெது பொருந்தும் என்று தெரியவில்லை.

மாமா திரையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார்.

"கீழ வரைக்கும் எதுக்குப் போறீங்க? மொதல்ல இருக்கறதையே போடுங்க மாப்பிள்ளை. நேரமாகுது."

மேலே போய் முதலில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். இருவரும் கையை அழுத்தினோம். வெளிக்கம்பியைக் கழற்றினேன். பழைய இயக்கி நீங்கியது. புதியது ஏறியது. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் வீட்டில் எதுவும் ஓடவில்லை. உள்ளட்டையின் விளக்கு முதலில் எரிந்தது. கம்பியைச் செருகியதும் வெளியட்டையின் விளக்கும் எரிந்தது. வரிசை மாறவில்லை.

ஆறு மணிக்கு இயந்திரம் திருச்சியோடு இணைந்தது. வழக்கமான செவிலியர்தான். எப்போதும் 'உங்க மாமனார்' என்றுதான் தொடங்குவார். பெட்டி அனுப்பும் பதிவைத் திரையில் பார்த்துப் பேசுகிறவர்.

"இன்னிக்கு அப்பா வெயிட் எவ்ளோ சார்?"

அறுபத்து மூன்று கிலோ நானூறு என்றேன். மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். பிறகு தொடர்ந்து மடித்தார்.

"போன தடவைக்கு ஒரு கிலோ கூட. அப்பாவைத் தண்ணி கொஞ்சம் கொறச்சுக்கச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.