நினைவொப்பம்

கோவை விமான நிலையத்தில் காலை வரிசை வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. பெட்டியும் பையுமாக நின்ற ஒவ்வொருவரும் மனதுக்குள் ஏதோ ஒன்றை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தனக்குத்தானே சிரித்தார். ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரும் அதை விநோதமாகப் பார்க்கவில்லை.

முகம், விரல்ரேகை, கருவிழி எல்லாவற்றையும் போலியாகச் செய்ய ஆட்கள் வந்துவிட்ட பிறகு, மனிதனிடம் மிச்சமிருந்த ஒன்றை அரசாங்கம் பிடித்துக்கொண்டது. பதினெட்டு வயதானதும் இளம்பிராயத்து நினைவு ஒன்றைப் பதிவுசெய்ய வேண்டும். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்த நினைவுமணி அதைப் படித்துச் சொல்லும். வாயிலில் நின்று அதே நினைவை நினைத்தால், பதிவோடு பொருந்திக் கதவு திறக்கும். அதற்குப் பெயர் நினைவொப்பம். உள்நாட்டில் பறக்க அது இல்லாமல் முடியாது.

செங்கோடனுக்குக் கதவு திறக்கவில்லை.

அந்தமானில் அவனுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளை வைத்துப் பார்த்துக்கொண்ட தங்கை வஞ்சி, "உன்னையத்தாண்ணா கேட்டுட்டே இருக்குது" என்று சொல்லியிருந்தாள். கப்பலில் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"இன்னொருக்கா நினைச்சுப் பாருங்க" என்றாள் வாயிலில் இருந்த அதிகாரி.

அவன் நினைத்தான். குளக்கரையில் அம்மா சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த நாள். பிடித்திருந்த கையை அவள் விட்டதும் அவன் சரிந்து விழுந்த கணம். வாயில் மறுபடியும் சிவப்பாக ஒளிர்ந்தது.

"பதிவுல உங்கம்மா சிரிக்கறாங்க. இப்ப நீங்க நினைக்கறதுல முகத்தைத் திருப்பிக்கறாங்க. இது உங்க நினைவு இல்லைங்க."

"எங்கம்மா மொகம் எனக்குத் தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க. வாயிலுக்குத் தெரியோணுமில்ல?"

அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு வரிசையிலிருந்து விலகினான். தன் கல்யாணத்துக்கு அம்மா வராததிலிருந்து அவளிடம் அவன் பேசியதில்லை. அந்தக் கோபம் சிறுவயது நினைவுக்குள்ளும் புகுந்து அவள் முகத்தைத் திருப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டான். நல்ல நினைவாகக் கொடுத்தால்தான் மாறாமல் நிற்கும் என்று பதிவின்போது எல்லாரும் சொன்னார்கள். அதற்காகச் சிரித்த முகத்தைக் கொடுத்தோமா, உண்மையிலேயே அவள் சிரித்தாளா என்பதுகூட இப்போது அவனுக்கு நிச்சயமில்லை. முறைப்படி புதுப்பிக்க ஒரு மாதம் ஆகும்.

வெளியே டீக்கடையை ஒட்டி ரசாக்கின் நினைவுத் திருத்தகம் இருந்தது. சட்டத்துக்குப் புறம்பானதுதான், ஆனாலும் வாசலில் பெரிய பலகையே தொங்கியது.

"கடற்கரை, பட்டம், அம்மா சிரிச்சுட்டு நிக்கறாங்க. இதைத்தானுங்க எல்லாரும் வெச்சுக்கறாங்க" என்றான் ரசாக். "பதிவையும் மாத்திருவேன். வாயிலுக்கும் இது பழகிப்போச்சு."

"பழசு?"

"போயிருமுங்க. அந்த எடத்துலதான இது உக்காரோணும்."

செங்கோடன் டீயைக் குடிக்காமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தான். பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்து, காதை மறைத்த முடியை ஒதுக்கிக் கொடுத்தான்.

மதிய விமானத்துக்கு வாயில் உடனே திறந்தது. அதே அதிகாரி திரையைப் பார்த்துத் தலையாட்டினாள். காலையில் வந்தவன் இவன்தான் என்று அவளுக்குத் தெரியும். அதைக் கேட்பது அவள் வேலையில்லை.

அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு நினைவு இருந்தது. பிராணவாயு முகமூடிக்குள்ளிருந்து குரல் கரகரத்து வந்தது. அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சைக்கிள்ல இருந்து உழுந்தயில்ல கண்ணு... அன்னிக்கு நான் மொகத்தத் திருப்பிட்டேன். நான் அழுவறதப் பாத்தா நீ பயந்துக்குவீன்னு. உன் கல்யாணத்தன்னிக்கும் அப்படித்தான்... ஊட்டுக்குள்ளயே உக்காந்து..."

அவளுக்கு மூச்சு வாங்கியது.

"எந்த சைக்கிளும்மா?" என்றான் செங்கோடன்.

அவள் அவனையே பார்த்தாள். அவன் உண்மையாகவே தேடினான். கடற்கரையும் காற்றும்தான் வந்தன. ஏதோ ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

"மறந்துட்டயா... செரி, உடு சாமி" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மருந்தோடு உள்ளே வந்த வஞ்சி இருவர் கைகளும் பிணைந்திருப்பதைப் பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டு கட்டிலோரம் வந்து குனிந்தாள்.

"எத்தன வருசங் கழிச்சு ஒண்ணா இருக்கறோம். ஒரு நிமிசம் இதக் கழட்டிக்கலாம்மா, பின்னால பாக்கறப்ப நல்லா இருக்கோணுமில்ல" என்று முகமூடியை மெல்ல விலக்கினாள். "சிரிண்ணா. அம்மா, நீயும் கொஞ்சம் சிரி."

அம்மா கண்ணைத் திறந்தாள். சிரித்தாள். செங்கோடனும் சிரித்தான்.

அன்று இரவு அவள் மூச்சு அடங்கியது. துக்கம் கேட்க வந்தவர்கள் அந்தப் படத்தை ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்து, கடைசி வரைக்கும் எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.