முதல் பல்பு

எல்லாப் பல்பும் அணைந்த பிறகும் முதல் பல்பு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

சின்னவள் எல்லாவற்றையும் அணைக்கும் பொத்தானை மறுபடியும் அழுத்தினாள். கல்லூரிக் கண்காட்சிக் கூடத்தின் நடுவே அவளும் தோழி குண்டூசியும் நிறுத்திவைத்த மரக் கதவுநிலை, அதில் ஒரு மைக், எதிர்ச் சுவரில் நாற்பது பல்புகள். நிலையைத் தாண்டும்போது 'போயிட்டு வரேன்' என்று சொன்னால் ஒரு பல்பு எரியும். அதே குரல் திரும்பி வந்து 'வந்துட்டேன்' என்றால் அது அணையும். பல்பைத் தொட்டால் போனவரின் குரல் கேட்கும். சாலையில் போய் வீடு திரும்பாதவர்களுக்காகச் செய்தது.

"இது ஏன்டி அணைய மாட்டேங்குது?"

"ஏன்னு என்னைக் கேளு." குண்டூசி மடிக்கணினியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "முதல் பல்பை மட்டும் யாரும் அணைக்க முடியாதபடி புரோகிராம் எழுதுன்னு மூக்கைச் சிந்திட்டு நின்னது யாரு? அந்தக் குரலே வந்து சொன்னாத்தான் அணையும்."

அந்தக் குரல் அண்ணனுடையது. மூன்று வருடத்துக்கு முன் போனில் அனுப்பியது. 'வாலு, நீ குளிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்க முடியாது. போயிட்டு வரேன்.' அன்று அவன் பைக் திரும்பி வரவில்லை. அதோடு அம்மா அந்த வார்த்தையையே விட்டுவிட்டாள். கடைக்குக் கிளம்பினால்கூட வாசலில் நின்று தலையை மட்டும் அசைப்பாள்.

அந்த அம்மா ஆறு மணிக்கு வருகிறாள். எதைக் கண்டாலும் தொட்டுப் பார்க்கிற கை அவளுக்கு.

"கழட்டிடலாமா?"

"கழட்டினா வரிசையே படுத்துடும். கறுப்பு டேப் வாங்கிட்டு வந்து மூடிடறேன். அதுவரை எதையும் நோண்டாம இரு, புண்ணியமாப் போகும்."

குண்டூசி போனதும் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் ஆயிரம் விரல்கள் தாளம் போடுவதுபோல் சத்தம், ஈரச் சுண்ணாம்பும் சூடான வயரும் கலந்த வாசனை, ஜன்னல் வெளிச்சம் மங்க மங்கச் சுவரில் நீண்டுகொண்டே வந்த கதவுநிலையின் நிழல். அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், வயரைச் சரிசெய்தாள். கடைசியில் பல்பைத் தொட்டாள்.

'வாலு... போயிட்டு வரேன்.' பின்னால் பைக் ஓடும் சத்தம்.

விரலை எடுத்துக்கொண்டாள். நூறு தடவை கேட்ட பதிவு அது. அதில் பைக் சத்தம் கிடையாது. வீட்டுக் கூடத்தில் நின்றுதான் பேசியிருந்தான்.

மறுபடி தொட்டாள். பைக் இன்னும் பக்கத்தில் வந்திருந்தது. அதன்மேல் மழை விழுந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. அம்மா.

"கிளம்பிட்டேன்டி. பஸ்ஸைக் காணோம். ஆனா வண்டி கிடைச்சிடுச்சு."

"என்ன வண்டிம்மா? யாரோட வர்றே?"

அம்மா சிரித்தாள். மூன்று வருடமாக வீட்டில் கேட்காத சிரிப்பு. "யாரோடயா? நல்லாக் கேட்டே போ." பின்னால் பைக் உறுமியது. இணைப்பு அறுந்தது.

திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

வெளியே ஒரு பைக் வந்து நின்றது. ஸ்டாண்ட் போடும் சத்தம். ஜன்னலுக்கு ஓடினாள். மழைதான். வேறொன்றும் இல்லை.

திரும்பினாள்.

மடிக்கணினியில் மைக்கின் பச்சைக் கோடு துள்ளியது. யாரோ பேசினால் துள்ளும் துள்ளல். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை.

முதல் பல்பு அணைந்தது.

நிலைக்குக் கீழே ஈரத் தடங்கள். ஷூ. உள்ளே வந்தவை.

"அண்ணா?"

பச்சைக் கோடு மறுபடி துள்ளியது. இரண்டாவது பல்பு எரிந்தது.

தொடக் கூடாது. தெரிந்தது. விரல் தானாகப் பல்புக்குப் போய்விட்டது.

'போயிட்டு வரேன்டி.'

அம்மா.

வெளியே பைக் கிளம்பியது. தூரம் போனது. போய்க்கொண்டே இருந்தது.

அவள் தரையைப் பார்த்தாள். ஷூ தடத்துக்குப் பக்கத்தில் இப்போது அம்மாவின் செருப்புத் தடம். ஒட்டி ஒட்டி. உள்ளே வந்த ஷூவும் திரும்பியிருந்தது. இரண்டும் வெளியே பார்த்தபடி.