இன்னுங் கொஞ்சம் இழுங்க

புதுக் கம்பி என்றால் இளகும். மாட்டிய மறுநாள் சுருதி இறங்கியிருக்கும், முறுக்கிவிட வேண்டும். கிட்டார் பிடித்த எவனுக்கும் தெரிந்த சங்கதி. நஞ்சுண்டன் பட்டறையிலிருந்து வந்து, கைகால்கூடக் கழுவாமல் உள்ளறைக்குப் போய், சுவரில் சாய்த்து வைத்திருந்த கிட்டாரின் தடித்த கம்பியை விரலால் தட்டிப் பார்த்தான். சுருதி ஏறியிருந்தது.

ஒரு தடவை என்றால் காதுக் கோளாறு என்று விட்டுவிடலாம். கம்பி மாட்டிய நாளிலிருந்து இதே கதைதான். காலையில் அவன் சரியாக இறக்கி வைத்துவிட்டுப் போவான். சாயங்காலம் வந்து பார்த்தால் அது தானாக ஏறி நிற்கும். கம்பி முறுக்கும் சாவிகளில் சுண்ணாம்பால் குறி வைத்துப் பார்த்தான். குறி வைத்த இடத்திலேயே இருந்தது. சாவி திரும்பவில்லை, கம்பி மட்டும் இறுகியிருந்தது. எரிச்சலில் அவனுக்குப் பல் கூசியது.

கணபதி என்ற பகுதியில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் அவனுக்கு வேலை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய காயிலை உருவி எறிந்து, புதிதாகச் செம்புக் கம்பி சுற்றித் தருவான். லீவு நாட்களில் கோவிந்தராஜுலுவின் மெல்லிசைக் கோஷ்டியில் சாதாரணப் பெட்டி கிட்டார் வாசிப்பான். கோவிந்தராஜுலு பீளமேட்டில் ஒரு மில்லில் மேஸ்திரி. பேச்சில் தேன் ஒழுகும். கடைசியில் மட்டும் சுருக்கென்று குத்தும்.

"நஞ்சுண்டா, கண்ணு, உன்ற பெட்டி கிட்டாரு மொத வரிசைக்கே கேக்கறதில்லையப்பா. அவிநாசிக் கல்யாணத்துக்கு எலெக்ட்ரிக் கிட்டாரோட வா. இல்லாட்டிப் பெங்களூர்ப் பையன் ஒருத்தன் வாரேங்கறான். நான் வேண்டாங்க முடியாது."

கோஷ்டி போய்விட்டால் வாழ்நாள் முழுக்கக் கருகிய வார்னிஷ் வாடைதான் என்று நஞ்சுண்டனுக்குத் தெரியும். அந்த மேடையில் உட்காரும் கொஞ்ச நேரத்துக்காகத்தான் மற்ற நேரமெல்லாம் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

கடையில் வாங்க வழியில்லை. செய்துவிடலாம் என்ற திமிர் இருந்தது. வெளியூர்க் கோஷ்டிக்காரர் ஒருவர் தன் எலெக்ட்ரிக் கிட்டாரைத் திருப்பிக் காட்டியபோது பார்த்திருக்கிறான். உடம்பு ஒரு பலகை, கழுத்து ஒரு கட்டை, இரண்டையும் பின்னாலிருந்து நான்கு போல்ட் பிடித்திருந்தன. மோட்டாரைப் பிரித்துப் பூட்டுகிறவனுக்கு இதென்ன பிரமாதம்? உடம்புக்குப் பலாப்பலகை கிடைத்தது. காந்தமும் மெல்லிய கம்பியும் பட்டறையில் கிடைத்தன. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காயிலை அவனே சுற்றினான். வீட்டு வால்வு ரேடியோவின் முதுகில் கிராமபோனுக்கென்று இருக்கும் துளைகளில் ஒயரைச் செருகினால் சத்தம் வந்துவிடும். கழுத்துக்கு மட்டும் வளையாத மரம் வேண்டியிருந்தது.

அது மச்சான் தோட்டத்திலிருந்து வந்தது. அவன் மனைவி நாச்சியம்மாளின் அண்ணன் அங்கப்பனுக்கு அவிநாசிப் பக்கம் பூமி. கரண்டு வந்து பம்ப்செட் போட்டதும், கிணற்றின் மேலிருந்த, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மாடுகள் சரிவில் இறங்க இறங்க, வடக்கயிறு உருளையில் ஓடி, தண்ணீர்ச் சால் மேலே வரும். மாடுகள் பின்னுக்கு நடந்து மேடேறினால் சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். அந்த உருளையைத் தாங்கிய குறுக்குக் கட்டை, எத்தனையோ வருஷம் பாரம் சுமந்தும் இம்மி வளையாமல், வேலியோரம் கிடந்தது. அவன் கேட்டபோது அங்கப்பன் கட்டையைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதையா? எடுத்துட்டுப் போங்க மாப்பிள்ளை. இங்கிருந்து போனாச் சரி."

தாராள மனசு என்று நஞ்சுண்டன் நினைத்துக்கொண்டான்.

இப்போது அந்தக் கட்டைதான் அவன் உயிரை வாங்கியது. கழுத்து பின்னுக்கு வளைகிறதோ என்று நூல் பிடித்துப் பார்த்தான், நேராகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றி மூட்டைப் பார்த்தான். கழுத்தும் உடம்பும் இடைவெளியில்லாமல் உட்கார அவன் நடுவில் வைத்திருந்த மோட்டார் இன்சுலேஷன் காகிதம் சொதசொதவென்று ஊறியிருந்தது. மோந்து பார்த்தான். தூர் வாரிய கிணற்றின் சேற்று வாடை. வெளியே பங்குனி வெயில் ஓட்டைப் பிளந்துகொண்டிருந்தது. வீட்டில் குடிக்கத் தண்ணீருக்கே நாச்சியம்மாள் குடத்தோடு நிற்க வேண்டியிருந்தது. ஈரம் எங்கிருந்து வந்தது? பலாப்பலகை விற்றவனைத் திட்டித் தீர்த்துவிட்டு, காகிதத்தை மாற்றி, போல்ட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்கினான். மறுநாள் புதுக் காகிதமும் ஊறியிருந்தது.

"சனியனே" என்று கிட்டாரைப் பார்த்துச் சொன்னான். உடைத்துப் போடலாம் போலக் கை பரபரத்தது. கல்யாணத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் சண்டை போடவே தெம்பில்லாமல், ஏறிய சுருதியை அப்படியே விட்டு, மற்றக் கம்பிகளை அதற்குத் தகுந்தபடி ஏற்றிக்கொண்டு வாசித்தான். எப்போதும் கிணற்றுக் கல்லைப் போலச் சில்லென்றிருக்கும் கழுத்து, வாசிக்க வாசிக்க உள்ளங்கையில் மெல்லச் சூடேறியது. ரேடியோவிலிருந்து வந்த நாதம் கனமாக, நீளமாக, விட்ட பிறகும் அறையின் மூலைகளில் நின்றது. இத்தனை நாள் முரண்டு பிடித்தது இதற்குத்தானா என்றிருந்தது அவனுக்கு. நாச்சியம்மாள் மாவுக் கையோடு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

"இன்னிக்குத்தானுங்க பாட்டாட்ட இருக்குது."

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றிலிருந்து அதை இறக்குவதை விட்டுவிட்டான். அது தினமும் கொஞ்சம் ஏறியது; அவனும் கூடவே ஏறினான். வேலையில் இருக்கும்போதுகூட இடது கை அந்தக் கழுத்தின் சூட்டைத் தேடியது.

பிறகு ஒரு நாள், ஒரு மெட்டுக்கும் அடுத்த மெட்டுக்கும் நடுவில், ரேடியோவில் மெல்லக் கேட்டது.

"ஏனுங்க."

நாச்சியம்மாள் அவனை அப்படித்தான் கூப்பிடுவாள். "என்ன அம்மணி?" என்றான். அவள் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நான் கூப்பிடலீங்களே."

அவனுக்குக் காரணம் உடனே புரிந்தது, தன்மேலேயே கோபமும் வந்தது. அவசரத்தில் காயிலை வார்னிஷில் முக்காமல் மாட்டியிருந்தான். சுற்று இறுகாத காயில் பேச்சையும் பிடிக்கும். சமையற்கட்டில் பாத்திரம் உருண்டால்கூட ரேடியோவில் கேட்டது. ஊரான் மோட்டாருக்கெல்லாம் வார்னிஷ் குடிக்கவைக்கிறவன் தன் சொந்தக் காயிலில் கோட்டை விட்டிருக்கிறான். பட்டறைக்கு எடுத்துப் போய் முக்கிக் காயவைத்துத் திரும்ப மாட்டினான். நாச்சியம்மாளைப் பக்கத்தில் நின்று பேசச் சொன்னான். ரேடியோவில் எதுவும் கேட்கவில்லை. பாத்திரத்தைத் தட்டச் சொன்னான். ஒன்றுமில்லை. நிம்மதியாக உட்கார்ந்து ஒரு மெட்டு வாசித்தான்.

"ஏனுங்க" என்றது ரேடியோ. "இழுங்க."

நாச்சியம்மாள் அவன் கண்ணெதிரில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசையவில்லை. அவளுக்கு அது கேட்டதாகவும் தெரியவில்லை.

அவன் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே கிட்டார் தெருவுக்குப் போய்விடும். பெங்களூர்ப் பையன் மேடையில் உட்கார்ந்துவிடுவான். தூர ஸ்டேஷன் எதையோ ரேடியோ பிடிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவன் சொன்னதை அவனே நம்பவில்லை. ஆனாலும் வாசித்தான். வாசிக்கும்போது நாதத்துக்கு அடியில் கிறீச், கிறீச் என்று உருளை சுழலும் சத்தம் வரத் தொடங்கியது. குரல் முதலில் ஆழத்திலிருந்து, சுவரில் மோதி எதிரொலித்து வந்தது. நாளாக ஆக எதிரொலி குறைந்தது. குரலில் அவசரமில்லை. மிரட்டலில்லை. பெரியவர்களிடம் பேசும் பணிவு இருந்தது.

"இன்னுங் கொஞ்சம் இழுங்க."

கல்யாணத்தன்று மத்தியானம் அங்கப்பன் ஒரு வாடகைக் காரில் வந்து இறங்கினார், இவர்களை அவிநாசிக்குக் கூட்டிப்போக. நாச்சியம்மாள் அண்ணனுக்கு மோர் கொடுத்துவிட்டு, பின்கட்டில் தலை வாரப் போனாள். அங்கப்பன் டம்ளரும் கையுமாக உள்ளறை நிலையில் நின்றார்.

"வாசிங்க மாப்பிள்ளை. நம்ம கட்டை என்ன பாடுதுன்னு கேப்போம்."

நஞ்சுண்டன் வாசித்தான். கிறீச், கிறீச். அங்கப்பன் வாய்க்குக் கொண்டுபோன டம்ளர் பாதியில் நின்றது.

"இது எங்க கவலைச் சத்தமுங்க" என்றார். அப்புறம், "ஏனுங்க" என்று ரேடியோ கூப்பிட்டபோது, மோர் அவர் வேட்டியில் சிந்தியது. அவருக்குக் கேட்டது.

"யாரு மச்சான் அது?"

அங்கப்பன் ரேடியோவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மாரியாத்தாளுங்க. பண்ணயத்துல வேலை செஞ்சவ. தூர் வாரச் சால்ல நிக்க வெச்சுக் கெணத்துக்குள்ள எறக்குனோம். திடீர்னு ஊத்து ஒடச்சுக்கிட்டு வந்துபோச்சு. இழுங்கன்னு கூப்பிட்டிருக்கறா. நான் மாட்டை நிறுத்திப்போட்டு மோர் குடிச்சிட்டு இருந்தனுங்க."

"காதுல உழுகலீங்களா?"

"உழுந்துச்சு. மெதுவாத்தான் கூப்பிட்டா. எங்ககிட்ட அவ ஒரு நாளும் கத்திப் பேசுனதில்லீங்க. குடிச்சு முடிச்சுட்டுப் போலாம்னு இருந்துபோட்டேன். அப்புறம் இழுத்தா, வெறுஞ்சால் வந்துச்சு. கெணத்துச் சுவத்துல பொந்து ஓடுதுங்க. ஒடம்பே கெடைக்கலை." டம்ளரைக் கீழே வைத்தார். "பாரம் சொமந்த கட்டையையும் வடத்தையும் சேத்துக் கொளுத்தோணும்னாங்க. வடத்தைக் கொளுத்திப்போட்டேன். கட்டை நல்ல கட்டை. மனசு வரலை."

"அதை என்ற தலையில கட்டிப்போட்டீங்க."

அங்கப்பன் வேட்டியில் சிந்திய மோரைத் துடைத்தார்.

இத்தனை பாடுபட்டு, மேடை கைக்கெட்டும் தூரத்தில் வந்த பிறகா? நஞ்சுண்டனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, மச்சான் மேல், மரத்தின் மேல், தன் மேல். ஆனால் பயம் அதைவிடப் பெரியதாக இருந்தது. இத்தனை நாளும் தான் வாசிக்கவில்லை, இழுத்துக்கொண்டிருந்தோம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

ரேடியோவை அணைத்தான். ஒயரைப் பிடுங்கினான். கிட்டாரை மடியில் கவிழ்த்துத் திருப்புளியை எடுத்தான்.

"நிறுத்திப்போடாதீங்க" என்றது குரல். ரேடியோவிலிருந்து அல்ல. மடியிலிருந்து.

முதல் போல்ட் வந்தது. ஈரமாக இருந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. சேற்று வாடை அறையை நிறைத்தது. ஈரத்தில் திருப்புளி நழுவியது. மறுபடி பிடித்தான். கடைசிப் போல்ட் தரையில் விழுந்து உருண்டு, அங்கப்பன் காலடியில் நின்றது.

கிட்டாரைத் தூக்கித் தரையில் எறிந்தான்.

கழுத்து தனியாகத் தெறித்திருக்க வேண்டும். கம்பிகள் தொளதொளத்திருக்க வேண்டும். எதுவும் நடக்கவில்லை. கழுத்துக்கும் உடம்புக்கும் நடுவில் விரற்கடை அகலத்துக்கு வெற்றிடம். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கம்பிகள் விறைத்து நின்றன. யாரும் தொடவில்லை.

கிறீச்.

கம்பி இன்னும் இறுகியது.

அங்கப்பன் பின்னுக்கு ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. மாடு பின்னுக்கு நடந்தால் சால் இறங்க வேண்டும்.

இறங்கவில்லை.

வெற்றிடத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு கோடாக ஒழுகியது. கலங்கிய தண்ணீர். அங்கப்பனின் காலை நோக்கி ஓடியது.

"போதுங்க" என்றது குரல், பக்கத்தில், எதிரொலியே இல்லாமல். "மாட்டை நிறுத்துங்க. வந்துட்டேனுங்க."

பலாப்பலகையின் விளிம்பை உள்ளிருந்து விரல்கள் பற்றின. நகக்கண்களில் சேறு இருந்தது. பிறகு, இன்னொரு கை மேலே வந்தது.