சத்தம் போடத் தெரியாத குவின்சி

ஆகஸ்ட் மாதம் வந்துவிட்டால் அந்த ஊர்க் குழந்தைகள் யாரும் காலையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்க மாட்டார்கள். மில்லர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சி தொடங்கிவிடும். வீரர்கள் மைதானத்துக்கு நடந்து போக மாட்டார்கள். உடை மாற்றும் அறையின் வாசலில் வரிசையாக நிற்கும் குழந்தைகளிடம் ஆளுக்கொரு சைக்கிள் வாங்கி ஓட்டிப் போவார்கள். சைக்கிளைக் கொடுத்தவர் அந்த வீரரின் தலைக்கவசத்தைச் சுமந்துகொண்டு கூடவே ஓட வேண்டும். அதற்குத்தான் அத்தனை போட்டி.

பத்து வயது ஒடெட் மூன்று நாளாக வரிசையில் நின்றாள். அவளுடையது ஊதா நிறச் சைக்கிள். முன்னால் பூப்போட்ட கூடை. பத்தடிக்கு ஒருமுறை செயின் கழன்றுவிடும். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்தத் தகர டப்பாவ எவன் ஓட்டுவான்?" என்றான் பக்கத்தில் நின்ற பிரெண்டன்.

நான்காம் நாள் வாசலை அடைத்துக்கொண்டு ஒருவன் வந்தான். அணிக்குப் புதியவன். மிசிசிப்பிக்காரன். பெயர் குவின்சி. பளபளக்கும் சைக்கிள்களையெல்லாம் தாண்டி வந்து ஒடெட் முன்னால் நின்றான்.

"இதுல ஏறலாமா, ஓனரம்மா?"

"செயின் கழண்டுடும்ணா."

"கழண்டா மாட்டிக்கலாம்."

முழங்கால் காதை இடிக்க அவன் மிதித்துப் போனதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். ஒடெட் சிரிக்கவில்லை. தலைக்கவசத்தை நெஞ்சோடு அணைத்தபடி ஓடினாள். அன்று மாலை குவின்சி செயினில் ஒரு கண்ணியைக் கழற்றி இறுக்கிக் கொடுத்தான். பிறகு அது கழலவே இல்லை.

இந்த அண்ணாவுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒடெட்டுக்கு மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அடுத்த வாரமே குவின்சி வசமாகச் சிக்கிக்கொண்டான்.

பயிற்சியில் அணி இரண்டாகப் பிரிந்து ஆடும். ஒரு பாதி பந்தோடு முன்னேறும், மறு பாதி தடுக்கும். குவின்சி தடுக்கிற பக்கம். முன்னேறுகிற பக்கத்துக்குப் புதிதாக வந்த பயிற்சியாளர் ஒரு வித்தையைக் கண்டுபிடித்திருந்தார். பந்து ஆட்டத்துக்கு வரும் முன்பே ஒருவன் குறுக்கே ஓடுவான். தடுப்பவன் அவனைத் துரத்தினால் இந்தப் பக்கம் காலி. பந்து அந்தக் காலி இடத்தில் புகுந்துவிடும்.

அதற்கு மாற்று வழியும் இருந்தது. துரத்தக் கூடாது. ஓடுகிறவனைக் குரல் கொடுத்து அடுத்த பக்கத்து ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, நம் இடத்தில் நாம் நிற்க வேண்டும்.

குவின்சி குரல் கொடுக்கவில்லை. துரத்தினான். அந்தப் பக்கம் தடுக்க நின்ற ஹாலோரன் மீது மோதினான். இரண்டு பேரும் புல்லில் உருண்டார்கள். பந்து ஜாலியாக எல்லைக்கோட்டைத் தாண்டியது.

"வாயில என்னடா கொழுக்கட்டையா?" என்று கத்தினார் ஹாலோரன். பன்னிரண்டு வருடமாக ஆடுகிறவர். மீசையெல்லாம் மண்.

"சனிக்கிழமையோட தொண்ணூறு பேர்ல அம்பத்து மூணு பேர்தான் இருப்பீங்க. ஞாபகம் இருக்கட்டும்" என்றார் தலைமைப் பயிற்சியாளர்.

திரும்பும்போது குவின்சி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான்.

"ஏண்ணா சத்தம் போடல?"

"ஹாலோரன் சார் எவ்ளோ பெரிய ஆளு! நான் நேத்து வந்தவன். 'இவன நீங்க புடிங்க'ன்னு அவருக்கே உத்தரவு போடச் சொல்றியா? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடுவாங்க."

"அதுக்காக அவர் மேலயே போய் விழுவீங்களா?"

குவின்சி சைக்கிளைத் தள்ளினான். கொஞ்ச தூரம் போனதும், "சனிக்கிழமைக்கு அப்புறம் நீ வேற ஆளப் பாத்துக்க, ஓனரம்மா" என்றான்.

ஒடெட் சட்டென்று நின்றாள். அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"எங்க கடைக்கு வாங்கண்ணா. பான்கேக் சாப்பிடலாம்."

கடை அவளுடைய அம்மா பெர்னடெட்டுடையது. ஒடெட் அவனைப் பின்வாசல் வழியாக நேரே சமையலறைக்குள் கூட்டிப்போனாள். இரண்டு பேர் ஒதுங்க இடமில்லாத அறை. ஆனால் நாலு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"சூடு!" "பின்னாடி!" "மூலை!"

ஒடெட் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, "பின்னாடி!" என்று கத்தினாள். அம்மா திரும்பாமலே ஒதுங்கி வழிவிட்டாள்.

குவின்சி திகைத்துப் போனான். "அம்மாவ இப்படியா அதட்டுவ?"

"அதட்டலா?" என்று சிரித்தாள் பெர்னடெட். "போன வருஷம் ஒருநாள் இவ மரியாதையா வாய மூடிட்டு வந்தா. சூப்பு பூரா என் முதுகுல."

"இது உத்தரவு இல்லண்ணா" என்றாள் ஒடெட். "பின்னாடி வந்தா 'பின்னாடி', மூலைல திரும்பினா 'மூலை'. யாரும் அடிபடக் கூடாதுன்னு சொல்றது. இந்தாங்க, இத முன்னாடி மேசைக்குக் கொண்டு போங்க."

பன்னிரண்டு பான்கேக் அடுக்கிய தட்டோடு குவின்சி புறப்பட்டான். மூலையில் வாய் திறக்காமல் திரும்பினான். எதிரே வந்த சமையல்காரர் மீது முட்டினான். பான்கேக் பறந்தது. ஒன்று அவன் தலையிலேயே இறங்கி உட்கார்ந்தது.

"தொப்பி நல்லா இருக்கு" என்றார் சமையல்காரர்.

ஒடெட் அடுத்த தட்டை நீட்டினாள். "மறுபடியும்."

"மூலை..." என்று முனகினான் குவின்சி.

"எனக்கே கேக்கல!"

அரைமணி நேரத்தில் அவன் போட்ட "மூலை!"யில் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்தன.

சனிக்கிழமை வேலி ஓரம் எள் விழ இடமில்லை. ஒடெட் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பந்து வரும் முன்பே ஒருவன் குறுக்கே ஓடினான். குவின்சியின் கால் ஓர் அடி நகர்ந்தது.

'போகாதீங்கண்ணா!' என்று மனதுக்குள் கெஞ்சினாள் ஒடெட்.

கால் நின்றது. வாய் திறந்தது.

"ஹாலோரன்! மூலை!"

மைதானத்தில் யாரும் அப்படிக் கத்துவதில்லை. ஆனாலும் ஹாலோரன் சட்டென்று திரும்பினார், ஓடி வருகிறவனைப் பார்த்தார், மடக்கிக்கொண்டார். குவின்சி தன் இடத்திலேயே நின்றான். அங்கே காலி இடம் இருக்கும் என்று நம்பிப் பந்தோடு பாய்ந்தவன், குவின்சியின் நெஞ்சில் மோதி உட்கார்ந்தான்.

ஹாலோரன் வேகமாக வந்தார். குவின்சி தலையைக் குனிந்துகொண்டான்.

"இத்தன நாளா இதத்தானேடா கேட்டேன்! அது என்ன, மூலை?"

"பான்கேக் கடைல கத்துக்கிட்டேன், சார்."

"எங்க வேணா கத்துக்க. தெனமும் கத்து!"

மறுநாள் காலை அந்த ஐம்பத்து மூன்று பேரின் பட்டியல் வந்தது. குவின்சியின் பெயர் அதில் இருந்தது.

"அண்ணா, என்னோடதுல ஏறுங்க, கியர் வெச்சது!" என்று பிரெண்டன் முந்திக்கொண்டு வந்தான்.

"எனக்கு வண்டி இருக்கு, தம்பி." குவின்சி ஊதாச் சைக்கிள் அருகே மண்டியிட்டான். "ரொம்ப நன்றி, ஓனரம்மா. நீ இல்லன்னா நான் இந்நேரம் ஊருக்கு பஸ் ஏறியிருப்பேன்."

"நான்தான் நன்றி சொல்லணும்ணா. என் சைக்கிள யாருமே எடுக்கல, நீங்கதான் எடுத்தீங்க."

"உண்மையச் சொல்லட்டுமா? அன்னிக்கு எனக்கும் பயமா இருந்துச்சு. புது ஆளுக்கு எவன் சைக்கிள் குடுப்பான்னு. உன் முகத்தப் பாத்ததும், இந்தப் பொண்ணு குடுக்கும்னு தோணுச்சு."

ஒடெட் கையை நீட்டினாள். தலைக்கவசத்தை வாங்கி இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

குவின்சி மிதித்தான். முன்னால் ஹாலோரன் ஒரு குட்டிச் சிவப்புச் சைக்கிளில் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தார்.

"மூலை!" என்று கத்தினான் குவின்சி.

ஹாலோரன் திரும்பாமலே ஒதுங்கி வழிவிட்டார்.

"பின்னாடி!" என்று அதைவிடச் சத்தமாகக் கத்திக்கொண்டே ஒடெட் அவர்களைப் பிடிக்க ஓடினாள்.