நான்காம் பலகையின் இரண்டு ராஜாக்கள்

அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தி ஓய்வு பெற்ற பெரியவரைத் தேடி, ஒரு புதன்கிழமை மதியம் ஒரு பெண் வந்தாள். கதவைத் திறந்தவர் பெரியவருடைய மச்சினன். அவருக்குப் பல்செட் கட்டுவது தொழில். அவர் கட்டிய ஒரு பல்செட் அத்தனை கச்சிதமாகப் பொருந்தியதால், மாட்டிக்கொண்ட ஆள் தூக்கத்திலும் சிரித்துக்கொண்டே இருந்தாராம். யாரை நினைத்துச் சிரிக்கிறார் என்று மனைவி சண்டை பிடித்துப் பிறந்த வீட்டுக்கே போய்விட்டாளாம். ஊரில் இப்படிச் சொல்வார்கள். சொல்வது பெரும்பாலும் மச்சினனேதான்.

பெரியவர் எதையும் பெரிதாகச் சொல்ல மாட்டார். டெலிபோன் டைரக்டரியை ஒருமுறை அட்டை முதல் அட்டை வரை படித்து எட்டுப் பிழை கண்டுபிடித்தவர் அவர். எழுத்து சம்பந்தப்பட்ட வம்பு எதுவானாலும், மொட்டைக் கடிதமோ திருத்திய உயிலோ, ஊர் அவரிடம்தான் வரும். வருகிறவர்களைப் பார்த்து முதலில் குதூகலப்படுகிறவர் மட்டும் மச்சினன்.

"நான் எழுதினதை யாரோ மாத்திட்டாங்க சார். இல்லன்னா என் கையெழுத்தையே போட்டுட்டாங்க," என்றாள் வந்தவள்.

"போர்ஜரி!" என்று மச்சினன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முதல்ல அவங்க உட்காரட்டும் மாப்ளே," என்றார் பெரியவர்.

ஊர் எல்லையில் லாரிகளுக்கு எடை போடும் மேடையில் அவளுக்கு வேலை. ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் மேஜை டிராயரிலிருந்து சதுரங்கப் பலகையை எடுத்துத் தனக்குத் தானே ஆடிக்கொள்வாள். எட்டு மாதம் முன்பு சங்கத்தில் சேர்ந்தாள். வெளியூர்ப் போட்டிக்கு நான்கு பேர் கொண்ட அணி வெள்ளிக்கிழமை கிளம்புகிறது. மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நான்காவது இடத்துக்கு அவளும் மருந்துக்கடைக்காரரும் ஞாயிறு சாயங்காலம் கடைசி ஆட்டம் ஆடினார்கள்.

"நான் கறுப்புக் காய். ஒன்றரை மணி நேரத்துல செக்மேட். மத்தவங்க எல்லாம் டீ குடிக்கப் போயிருந்தாங்க. அவரே ரெண்டு ராஜாவையும் எடுத்து நடுவுல கறுப்புக் கட்டத்துல வச்சாரு, கை குடுத்தாரு."

"நடுவுல எதுக்கு வைக்கிறது?" என்று மச்சினன் கேட்டார்.

"எங்க சங்கத்துப் பழக்கம் சார். கறுப்பு ஜெயிச்சா ரெண்டு ராஜாவும் கறுப்புக் கட்டத்துல நிக்கும், வெள்ளை ஜெயிச்சா வெள்ளைக் கட்டத்துல. தோத்தவங்கதான் வைக்கணும். செயலாளருக்கு ஆடத் தெரியாது. பார்த்ததும் அவருக்குப் புரியணுமில்ல."

"சதுரங்கச் சங்கத்துச் செயலாளருக்கு ஆடத் தெரியாதா?"

"குதிரை தாண்டும்னு கேள்விப்பட்டிருக்காரு."

பெரியவர் சிரிக்கவில்லை. "முடிவை எங்க எழுதுவீங்க?"

"முன்னெல்லாம் செயலாளரே எழுதிப்பாரு. இந்தத் தடவை பாரபட்சம்னு யாரும் பேசக் கூடாதுன்னு புது ஏற்பாடு. ஜெயிச்சவங்களே ஒரு துண்டுச் சீட்டுல எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, பூட்டின பெட்டியில போடணும். நான்தான் எழுதினேன். எனக்கு ஒண்ணு, அவருக்கு சைபர்."

"அந்த வரிசையிலேயா?"

"ஆமா சார். எனக்கு ஒண்ணு, அவருக்கு சைபர்."

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

ஞாயிறு ராத்திரியே சங்கத்து வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். நான்காவது பெயர் மருந்துக்கடைக்காரருடையது. திங்கட்கிழமை அதைப் பார்த்தவள் தன் பெயரை இரண்டு முறை தேடினாள். செவ்வாய் மதியம் செயலாளருக்குப் போன் செய்தாள். பார்த்துச் சொல்வதாகச் சொன்னவர், அன்று சாயங்காலமே கூப்பிட்டு, சீட்டும் பலகையும் ஒத்துப்போவதாகவும் அவளுடைய கையெழுத்தும் இருப்பதாகவும் சொல்லி வைத்துவிட்டார்.

"எட்டு மாசமா ஞாயித்துக்கிழமை ஷிப்டை மாத்திக் குடுக்கச் சொல்லி ஒவ்வொருத்தர்கிட்டயும் கெஞ்சியிருக்கேன் சார். 'உன்னை எவன் அணியில சேர்ப்பான்'னு என் வீட்டுக்காரரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. சேர்த்துட்டாங்கன்னு ஞாயித்துக்கிழமை ராத்திரியே சொல்லிட்டேன்."

சங்கம் ஒரு மாவு மில்லின் மாடியில் இருந்தது. ஞாயிறு தவிர எல்லா நாளும் கீழே மில் ஓடும்; தரைப்பலகை இடுக்கு வழியாக மாவு ஏறி வந்து மாடியில் எல்லாவற்றின் மீதும் உட்காரும். மூவரும் படியேறி முடிப்பதற்குள் மச்சினன் பதினோரு தும்மல் போட்டார். அவருடைய கறுப்புப் பேண்ட் சாம்பல் பேண்ட் ஆகியிருந்தது.

அணியின் கேப்டனும் மற்ற இருவரும் பயிற்சி ஆட்டத்தில் இருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஓரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில், அவளும் அவரும் ஆடிய நான்காம் பலகை இருந்த மேஜையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. முறையீடு வந்தால் பார்ப்பதற்காக, அணி கிளம்பும்வரை தேர்வு ஆட்டத்துப் பலகையைத் துடைக்கக்கூட மாட்டார்களாம். இதுவும் நியாயத்துக்காகச் செய்த ஏற்பாடுதான்.

"சாவி என்கிட்ட மட்டும்தான். ஞாயித்துக்கிழமை பூட்டினது. நேத்து சாயங்காலம் நான் தனியா வந்து ஒரு பார்வை பார்த்தேன், அவ்வளவுதான்," என்றார் செயலாளர்.

மச்சினன் பெரியவரின் காதருகே குனிந்தார். "அத்தான், இவர்தான். மேல் வரிசை கீழ் வரிசையோட சேரல பாருங்க. பொய் சொல்ற வாய் இப்படித்தான் இருக்கும்."

"அது நீ கட்டின செட்டு மாப்ளே."

மச்சினன் மேற்கொண்டு தும்மினார்.

செயலாளர் கோப்பிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். பெரியவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, பின்புறமும் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். "யார் எழுத்தும்மா இது?"

அவள் பார்த்தாள். மேலே 1 – 0. கீழே இரண்டு கையெழுத்து.

"என்னுது. கையெழுத்தும் என்னுதுதான்." அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "நான் எழுதின சீட்டேதான் சார். அப்புறம் எப்படி?"

"போர்ஜரியே இல்லம்மா. அடிச்சுத் திருத்தலை, சுரண்டலை, மை மாறலை," என்றார் பெரியவர், அச்சுக்குப் போகும் பக்கத்தைப் படிக்கும் குரலில். "முடிவு எழுதும்போது முதல்ல வர்றது வெள்ளையோட கணக்கு. யார் ஜெயிச்சாலும், யார் எழுதினாலும். கறுப்பு ஜெயிச்சா 0 – 1. நீங்க உங்களை முதல்ல எழுதிட்டீங்க. அவர் ஜெயிச்சதா உங்க கையாலேயே எழுதிக் குடுத்திருக்கீங்க."

அவள் சீட்டை மேஜைமேல் வைத்தாள். வைத்த பிறகும் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பார்த்தீங்களா!" செயலாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நாங்க என்ன செய்ய முடியும்? சீட்டுல உள்ளதைத்தான் ஒட்டினோம். பலகையிலயும் ராஜா வெள்ளைக் கட்டத்துலதானே நிக்குது?"

"நிக்குது," என்ற பெரியவர் கயிற்றைத் தாண்டிக் குனிந்தார். "மாப்ளே, இந்தக் கறுப்புக் கட்டத்தைப் பாரு."

மச்சினன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பலகை நடுவில், கறுப்புக் கட்டங்கள் எல்லாம் மாவு படிந்து வெளுத்திருந்தன. அவற்றில் இரண்டில் மட்டும் கோட்டுப் பொத்தான் அளவுக்கு வட்டமாகக் கறுப்பு தெரிந்தது. வட்டத்துக்குள்ளும் மாவு இருந்தது, ஆனால் லேசாக.

"வெளியில திங்கள், செவ்வாய், புதன்னு மூணு நாள் மாவு. வட்டத்துக்குள்ள ஒரு நாள் மாவு. அப்படின்னா என்ன?"

"நேத்து வரைக்கும் அங்க ஏதோ நின்னுருக்கு!" மச்சினன் கத்தியே விட்டார்.

பெரியவர் வெள்ளை ராஜாவைத் தூக்கி அடியைக் காட்டினார். பசை தடவியதுபோல் மாவு அப்பியிருந்தது. "ஞாயித்துக்கிழமை சுத்தமான கட்டத்துல வச்ச காய்க்கு அடியில மாவு ஏறாது. மாவு படிஞ்சதுக்கு மேல வச்சாத்தான் ஏறும். நேத்து சாயங்காலம் சாவியோட தனியா வந்தது ஒருத்தர்தான்."

செயலாளர் பல்செட்டை ஒருமுறை சரிசெய்துகொண்டார். "சங்கத்துக்குப் பேர் கெடக் கூடாதுன்னுதான்…"

"சீட்டு எழுதினது தப்பு. ராஜாவை நகர்த்தினது தப்பு இல்ல, அதுக்கு வேற பேரு. அவங்க சொன்னது நிஜம்னு பலகையைப் பார்த்ததும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு." பெரியவர் மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "கறுப்புக் கட்டத்துல ராஜாவை வச்சது நீங்க. தோத்தது உங்களுக்குத் தெரியும். அடுத்த நிமிஷம் 1 – 0ன்னு இருக்கற சீட்டுல கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"நான் சரியா பார்க்கலைங்க."

"டாக்டருங்க கிறுக்கறதை எல்லாம் நின்ன இடத்துல படிச்சு மருந்து எடுத்துக் குடுக்கறவர் நீங்க. ரெண்டு எண் படிக்க முடியலையா?"

மருந்துக்கடைக்காரரின் குரலில் வெட்கம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. "அவங்களே எழுதிக் குடுத்தாங்க. நான் எதுக்குத் திருத்தணும்? ஆட்டத்துல எதிராளி தப்பா காய் வச்சா, எடுத்துக் குடுப்போமா?"

"இது ஆட்டம் முடிஞ்ச பிறகுங்க," என்றாள் அவள்.

"சரி. நான் விலகிக்கறேன். வேனுக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கோங்க."

பயிற்சி ஆட்டம் நின்றது. கேப்டன் கையிலிருந்த யானையைக் கீழே வைத்தார். வெளியூர் நாலு மணி நேரப் பயணம். அந்த வேன் மருந்துக்கடைக்காரருடையது. மச்சினன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பற்களைப் பார்க்க முடியவில்லை, எல்லா வாயும் மூடியிருந்தது.

"விதின்னு ஒண்ணு இருக்கு," என்றார் கேப்டன் கடைசியில், ஜன்னலைப் பார்த்தபடி. "ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட சீட்டுதான் முடிவு. ராஜா எங்க நின்னா என்ன? நாமதானே இந்த விதியைப் போட்டோம்."

"ஓட்டு எடுத்துடலாம்," என்றார் செயலாளர் சுறுசுறுப்பாக. "யாரும் பாரபட்சம்னு சொல்லக் கூடாது."

சீட்டே முடிவு என்று மூன்று கைகள் எழுந்தன. அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் தயங்கி எழுந்தது.

"நீங்க வருத்தப்படாதீங்கம்மா," என்றார் செயலாளர். "உதிரி ஆட்டக்காரரா கூட வாங்க. வேன்ல இடம் இருக்கு."

அவள் படி இறங்கினாள். பின்னாலேயே இருவரும் இறங்கினார்கள். மச்சினன் கொதித்துக்கொண்டு வந்தார்.

"விடக் கூடாது அத்தான்! இத்தனை தெளிவாக் கண்டுபிடிச்சுட்டோம். நாளைக்கே நோட்டீஸ் அடிச்சு ஊர் முழுக்க ஒட்டுவோம். பிழையில்லாம நீங்க பார்த்துக் குடுங்க, செலவு என்னுது!"

"எதுக்கு சார்?" அவள் மில் வாசலில் நின்று சேலையில் இருந்த மாவைத் தட்டினாள். "நீங்க கண்டுபிடிச்சதுல அவங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமே இல்ல. எனக்குத்தான் ஒண்ணு தெரியாம இருந்துச்சு."

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அம்மா, நீங்க அந்தச் சீட்டை…"

"நேத்து வரைக்கும் வீட்டுல, என்னை ஏமாத்திட்டாங்கன்னு சொல்லிக்கிட்டிருந்தேன் சார். எழுதத் தெரியாம எழுதிட்டேன்னு இன்னிக்குப் போய்ச் சொல்லணும். அந்த மனுஷன் அடுத்த வருஷம் வரைக்கும் சிரிப்பாரு."

அவள் மணி கேட்டாள். மச்சினன் சொன்னார். எடைமேடையில் அவளுக்கு ஷிப்ட் தொடங்க இருபது நிமிடம் இருந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்று ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று, யாரிடமும் என்றில்லாமல் சொல்லிக்கொண்டு, அவள் சாலையைக் கடந்தாள்.