தலைக்கு மேலே ஓடிய மின்சாரம்

யோலெட்டின் ஊரில் மின்சாரம் இல்லை. ஊருக்கு மேலே மட்டும் ஏராளமாக இருந்தது.

ஹெய்ட்டியின் மலைகளுக்கு நடுவே ஓர் அணை. அங்கே பிறக்கும் மின்சாரம் உயரமான இரும்புக் கோபுரங்களில் ஏறி, கம்பி வழியாக யோலெட் வீட்டுத் தகரக் கூரையைத் தாண்டி, அப்பா வலை காயப்போடும் மாமரத்தைத் தாண்டி, நேரே தலைநகரத்துக்குப் போய்விடும். வழியில் ஒரு வீட்டில்கூட நிற்காது. ஊரில் எல்லார் வீட்டிலும் மண்ணெண்ணெய் விளக்குதான்.

ஊர்ப் பெரியவர் பொலினிஸ் மாமாவுக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"நம்ம நிலத்தை முழுங்கி ஏரி ஆக்கினாங்க. கரண்டை அவங்க எடுத்துக்கிட்டாங்க. நமக்கு என்ன குடுத்தாங்க? நிழல்! கம்பியோட நிழல்!" என்பார்.

அவருடைய பழைய வீடு ஏரிக்கு அடியில் இருந்தது. யாராவது படகில் போய் அந்த இடத்தில் வலை வீசினால் போதும், கரையிலிருந்தே கத்துவார்.

"யாருப்பா அது, என் சமையலறை மேல வலை போடறது?"

யோலெட்டுக்கு மட்டும் அந்தக் கம்பிகள் மேல் கோபம் வரவில்லை. ஏனென்றால் அவற்றின் அந்த முனையில் அம்மா இருந்தாள்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அம்மா தலைநகரத்துக்குப் போனாள். அங்கே பள்ளிச் சீருடைகள் தைக்கும் கூடம் ஒன்றில் வேலை. எல்லாம் கரண்டில் ஓடும் தையல் இயந்திரங்கள். ஒருநாள் யோலெட் அணைக் காவலர் வில்நோவிடம் கேட்டாள்.

"மாமா, இந்தக் கம்பி எங்க போகுது?"

"உங்க அம்மா இருக்கிற ஊருக்கு."

"அம்மாவோட மெஷினுக்கா?"

வில்நோ தாடியைச் சொறிந்தார். "அதுக்கும்தான்."

அவளுக்கு அது போதும்.

அந்த நாட்டில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று "மதிப்பு!" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து "மரியாதை!" என்று பதில் வந்த பிறகுதான் நுழையலாம். யோலெட் தினமும் சாயங்காலம் கோபுரத்தடியில் போய் நிற்பாள். அண்ணாந்து பார்த்து, "மதிப்பு!" என்பாள்.

"ம்ம்ம்ம்ம்ம்..." என்று கம்பி இரையும்.

அதுதான் கம்பியின் மரியாதை என்று வைத்துக்கொண்டு, அன்றைய கதையை ஆரம்பிப்பாள்.

"அம்மா, அப்பா இன்னிக்கும் சோளக் கஞ்சியைக் கருக்கிட்டாரு. கேட்டா, இது புது ருசியாம். நம்ம ஆடு என் தொப்பியைத் தின்னுடுச்சு. எப்பம்மா வருவ?"

பேச்சு கம்பியில் போகாது என்று அவளுக்குத் தெரியும். அவள் என்ன குழந்தையா? ஆனாலும் பேசினால் மனசு கொஞ்சம் லேசாகும்.

அம்மா ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். "பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள எல்லாச் சீருடையும் தைச்சு முடிச்சுடுவோம். கடைசியா உன்னோடதைத் தைச்சு, நானே எடுத்துக்கிட்டு வருவேன்."

அன்றிலிருந்து வாசலில் யார் "மதிப்பு!" என்றாலும் யோலெட்டின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளும். ஓடிப்போய்ப் பார்த்தால் உப்பு விற்பவர் நிற்பார். இல்லாவிட்டால் ஆட்டைத் தொலைத்த பக்கத்து வீட்டுக்காரர் நிற்பார். பாவம், அவளுடைய முகம் தொங்கிப்போவதைப் பார்த்து அவர்களுக்கே ஒரு மாதிரி ஆகிவிடும்.

பள்ளி திறக்கும் நாள் நெருங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. அப்படியொரு மழை! மலையிலிருந்து சேறும் மரமும் உருண்டு ஏரிக்கு வந்தன. மழை விட்ட அன்று சாயங்காலம் யோலெட் கோபுரத்தடிக்கு ஓடினாள்.

"மதிப்பு!"

சத்தமே இல்லை.

"மதிப்பு!" என்று இன்னும் உரக்கச் சொன்னாள். எங்கோ ஒரு தவளை கத்தியது. கம்பி மட்டும் ஊமையாகத் தொங்கியது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் கிளெர்சீனா அத்தை லாரியில் வந்து இறங்கினாள். ஊரில் விளையும் அவரையையும் வெண்ணெய்ப்பழத்தையும் தலைநகரத்தில் விற்றுவிட்டு வருபவள் அவள். அம்மாவின் சேதி அவள் வாய் வழியாகத்தான் வரும்.

"அத்தை! அம்மா எப்ப வர்றாங்களாம்?"

கிளெர்சீனா தலைத்துணியை அவிழ்த்து மெல்ல மடித்தாள். எப்போதும் கடகடவென்று பேசுகிறவள் அவள்.

"அங்க கரண்டே இல்லடி கண்ணு. மெஷினெல்லாம் சும்மா கெடக்கு. துணி மலையாட்டம் குவிஞ்சு கெடக்கு. தைச்சு முடிக்காம யாரும் ஊருக்குப் போகக் கூடாதுன்னுட்டாரு முதலாளி. பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள வர முடியாது போலிருக்குன்னா உங்க அம்மா. நீ அழக் கூடாதாம்."

யோலெட் அழவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அழுதாள், நன்றாகவே அழுதாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கிழியாத வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

அழுது முடித்து முகம் கழுவியதும் அவளுக்குக் கோபம் வந்தது. நேரே அணைக்குப் போனாள்.

"மதிப்பு!"

"மரியாதை, வா வா," என்றார் வில்நோ. தலை முதல் கால் வரை சேறு. கையில் நீளமான கொக்கி. "பாரு இந்தக் கொடுமையை!"

அணைக்குள் தண்ணீர் நுழையும் வாயில் பெரிய இரும்புச் சல்லடை ஒன்று உண்டு. அதைக் காணவே காணோம். அத்தனை மரம்! கிளைகள், வேர்கள், முழு முழு மரங்கள், வாழைத்தண்டுகள், நடுவே ஒரு நாற்காலிகூட மிதந்தது.

"சல்லடை அடைச்சுக்கிச்சு. தண்ணி உள்ள போகல, மெஷினை நிறுத்தியாச்சு. இதையெல்லாம் தூக்கிப் போடற இயந்திரமும் உடைஞ்சு போச்சு. இன்ஜினியர் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டணத்துல மாட்டிக்கிட்டாரு, அந்த வழியில பாலம் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. நான் ஒத்தை ஆளா கொக்கி போட்டு இழுக்கறேன். ஒரு மரத்தை எடுத்தா ரெண்டு வருது!"

"ஊர்ல யாரையாவது கூப்பிடக் கூடாதா மாமா?"

"கூப்பிட்டேனே! உங்க பொலினிஸ் என்ன கேட்டாரு தெரியுமா? 'எங்க நிலத்தைத் தின்ன வாய்க்கு நாங்க பல்லு குத்தி விடணுமா?'ன்னு கேட்டாரு. நான் வாயை மூடிக்கிட்டு வந்துட்டேன்."

யோலெட் மிதக்கும் மரங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று காலையில் விறகு பொறுக்க மலையில் எவ்வளவு தூரம் ஏறினாள்! பக்கத்து மலையெல்லாம் மொட்டையாகிவிட்டது. ஒரு சுமை சேர்ப்பதற்குள் கால் விட்டுப்போகிறது.

"மாமா, இந்த மரத்தையெல்லாம் எடுத்து என்ன பண்ணுவீங்க?"

"அந்தப் பக்கம் ஆத்துல தள்ளி விடுவோம்."

"தள்ளி விடுவீங்களா! நாங்க எடுத்துக்கலாமா?"

வில்நோ கொக்கியைக் கீழே போட்டார். "எடுத்துக்கறீங்களா? நீங்களே வந்தா? அட, வேரோட எடுத்துக்கோங்க!" பிறகு குரல் இறங்கியது. "ஆனா அணைக்கு முன்னால கட்டியிருக்கிற கயித்தைத் தாண்டி ஊர்ப் படகு வரக் கூடாதுன்னு சட்டம். இன்ஜினியரைத்தான் கேக்கணும்."

உள்ளே போய் ரேடியோவில் கத்தினார். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தார். "மெஷின் நின்னிருக்கு, தண்ணி இழுக்காது. பெரியவங்க மட்டும் படகுல வரட்டும், பிள்ளைங்க கரையிலதான் நிக்கணும்னு சொல்லிட்டாரு."

இனிமேல்தான் கஷ்டமான வேலை. யோலெட் பொலினிஸ் மாமா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மதிப்பு!"

"மரியாதை. அணைக்காரன் அனுப்பினானா? அப்படின்னா திரும்பிப் போ."

"இல்ல மாமா. ஒரு சந்தேகம். ஏரியில மிதக்குதே மரம், அது எந்த மலையில இருந்து வந்துச்சு?"

"இது என்ன கேள்வி? நம்ம மலையில இருந்துதான்."

"அப்ப அது யாரு மரம்?"

"நம்ம மரம்!"

"வில்நோ மாமா அதையெல்லாம் ஆத்துல தள்ளி விடப் போறாராம்."

பொலினிஸ் எழுந்துவிட்டார். "என்னது? நம்ம மரத்தையா? நிலத்தைத் தின்னாங்க, வீட்டைத் தின்னாங்க, இப்ப விறகையும் தின்னுவாங்களா?"

"வேணும்னா எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டாங்க மாமா." யோலெட் ஒரு கணம் தயங்கினாள். பிறகு உண்மையையும் சொல்லிவிட்டாள். "மரத்தை எடுத்தா கரண்டு போகும். கரண்டு போனா அம்மா மெஷின் ஓடும். மெஷின் ஓடினா அம்மா வருவாங்க. எனக்கு அம்மாவைப் பாக்கணும் மாமா."

பொலினிஸ் அவளையே பார்த்தார். பிறகு ஏரியைப் பார்த்தார், அவருடைய சமையலறை இருக்கும் பக்கமாக.

"அந்த அணைகிட்ட இருந்து எதையாவது ஒண்ணைத் திரும்ப வாங்கணும்னு எனக்கு எவ்வளவு நாள் ஆசை தெரியுமா, புள்ள?" என்றார். பரணில் கையை விட்டுச் சங்கை எடுத்தார்.

அந்த ஊரில் சங்கு ஊதினால் கொம்பிட் என்று அர்த்தம். எல்லாரும் கூடி ஒரே வேலையைச் செய்வது. யார் கூப்பிட்டாலும் போக வேண்டும். கூப்பிட்டவர்தான் சாப்பாடு போட வேண்டும்.

"ஐயையோ, சாப்பாடு!" என்றாள் யோலெட். "எங்க வீட்ல அப்பாவோட கருகின கஞ்சிதான் இருக்கு."

"அதைப் போட்டா ஒருத்தனும் மறுபடி வர மாட்டான்," என்ற பொலினிஸ் சங்கை ஊதினார். கோழிகள் நாலா பக்கமும் சிதறின.

சாப்பாட்டை வில்நோ ஏற்றுக்கொண்டார். காவலர் கொட்டகையில் இருந்த அரிசியையும் பீன்ஸையும் மொத்தமாக அண்டாவில் கொட்டினார். விடிந்ததும் படகுகள் வந்தன. ஆண்களும் பெண்களும் மரங்களில் கயிறு கட்டி இழுத்தார்கள். கரையில் பிள்ளைகள் சுள்ளிகளைக் கட்டுக் கட்டாக அடுக்கினார்கள். பொலினிஸ் படகின் நுனியில் நின்று பாட்டு எடுத்துக்கொடுத்தார்.

"அணையே, அணையே, அகல வாய் அணையே!"

"தின்னது போதும், மரத்தைத் துப்பு!" என்று எல்லாரும் பதில் பாடினார்கள். அந்தப் பாட்டை அதிகம் ரசித்துப் பாடியவர் வில்நோதான்.

நாற்காலி கரைக்கு வந்ததும் பொலினிஸ் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இது எங்க வீட்டு நாற்காலி! எங்க அப்பா உட்கார்ந்தது!"

யாரும் நம்பவில்லை. ஆனால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அவர் அதில் உட்கார்ந்துதான் அன்று சாப்பிட்டார்.

மறுநாள் சாயங்காலம் சல்லடை முழுவதும் தெரிந்தது. கரையில் விறகு மலையாகக் கிடந்தது. வில்நோ உள்ளே போனார். எல்லாரும் காத்திருந்தார்கள். யோலெட் மட்டும் கோபுரத்தடிக்கு ஓடினாள்.

"மதிப்பு," என்றாள். பயத்தில் குரல் சின்னதாகத்தான் வந்தது.

"ம்ம்ம்ம்ம்ம்..."

அவள் குதித்த குதியில் செருப்பு ஒன்று பறந்து புதருக்குள் போய்விட்டது.

அவள் அணைக்குத் திரும்பியபோது வாசல் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த யோலெட்டுக்கு இன்னொரு சந்தேகம் வந்தது.

"வில்நோ மாமா, அந்த விளக்கு ஏன் எப்பவும் உள்பக்கமே பாக்குது? உள்ள யாரு இருக்காங்க?"

"நான் இருக்கேன்."

"உங்களை நீங்களே பாத்து என்ன பண்ணப் போறீங்க?"

வில்நோ சிரித்துவிட்டார். ஏணியைப் போட்டு ஏறி, விளக்கின் முகத்தை ஊர்ப் பாதைப் பக்கம் திருப்பிவிட்டு இறங்கினார்.

அதன் பிறகு நாட்கள் நகரவே இல்லை. யோலெட் லாரிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். லாரிகள் வந்தன, போயின. நாளை பள்ளி திறக்கிறது. இனி வர மாட்டாள் என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்ட அந்தி நேரத்தில், வாசலில் ஒரு குரல் கேட்டது.

"மதிப்பு!"

அப்பாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

உப்புக்காரர் குரல் இல்லை. ஆடு தொலைத்தவர் குரலும் இல்லை. யோலெட் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கம்பியைப் போல "ம்ம்ம்ம்" என்றுதான் வந்தது.

அம்மா அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள்.

கட்டிக்கொண்டதும் அழுததும் முடிந்த பிறகு சீருடையைப் போட்டுப் பார்த்தார்கள். பாவாடை முழங்காலுக்கு மேலே நின்றது. அம்மா தன் இடுப்பில் கை வைத்துக் காட்டினாள். "இவ்வளவு உசரம்தான்னு நினைச்சுத் தைச்சேனே!" யோலெட்டின் தலை இப்போது அந்தக் கைக்கு நாலு விரல் மேலே நின்றது. அம்மா அவளை மறுபடி இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"பரவாயில்ல, உள்ள துணி மடிச்சு வச்சிருக்கேன். பிரிச்சு இறக்கிடலாம். ஆனா இந்த மண்ணெண்ணெய் விளக்குல ஊசிக் காது தெரியலையே."

"வாம்மா," என்று கையைப் பிடித்து இழுத்தாள் யோலெட். "வெளிச்சம் இருக்கிற இடம் காட்டறேன்."

அணை வாசல் விளக்கின் கீழே பாதி ஊர் டொமினோ விளையாடிக்கொண்டிருந்தது. பொலினிஸ் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"உட்காரும்மா. பாத்து, எங்க பரம்பரை நாற்காலி."

அம்மா உட்கார்ந்து ஊசியில் நூலைக் கோத்தாள். யோலெட் அவள் மடியில் சாய்ந்துகொண்டு, அப்பா கருக்கிய கஞ்சியிலிருந்து எல்லாக் கதைகளையும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். தலைக்கு மேலே கம்பி இரைந்துகொண்டே இருந்தது. அன்று மின்சாரம் தலைநகரத்துக்குப் போகிற வழியில், அவர்கள் ஊரிலும் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனது.